தண்ணீர் வரும் தெருவில் வீடு: வாசகர் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் வெள்ளத்தைப் பற்றியவை. இம்முறை சென்னையிலிருந்தும் அதன் தென் புறநகர்களிலிருந்தும் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: முடிச்சூரில் அனுமதி பெற்ற மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டினோம். 2015-லும் தண்ணீர் வந்தது, 2023 மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. "தண்ணி போற இடத்துல வீடு கட்டிட்டு அரசைக் குறை சொன்னா எப்படி?" என்கிறார்கள் உறவினர்கள். தவறு எங்களுடையதா?
(வாசகர், முடிச்சூர்)

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தது நீங்கள் இல்லை. வாய்க்காலைச் சுருக்கியதும் நீங்கள் இல்லை. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் பழி யார் மேல் என்று முடிவாவதால் தண்ணீர் ஓர் அங்குலம்கூட இறங்காது. மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. தரைத்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின், மெத்தை, மோட்டார் என்று நனைந்த வீட்டுக்கு அது எந்த மூலைக்கு என்பது உங்களுக்கே தெரியும். வழக்கு, மனு, சங்கம் எல்லாம் நடக்கட்டும். அடுத்த டிசம்பருக்குள் உங்கள் கைக்கு எட்டுவது உங்கள் வீட்டுச் சுவருக்கு உள்ளே இருப்பவைதான்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் உங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஏரிகளையும், அந்தப் பக்கம் பெய்யும் மழையையும். செம்பரம்பாக்கம் மதகைத் திறக்கவில்லை என்ற செய்தியைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் விடியும்போது முழங்கால் தண்ணீர் நிற்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? கூகுள் எர்த்தில் உயரம் காட்டுகிறதே, அது போதுமா?
(வாசகி, வேளச்சேரி)

பதில்: போதாது. அது காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். நமக்கு வேண்டியதோ அங்குலக் கணக்கு. வீட்டிலேயே செய்யலாம். 2015 தண்ணீர் நின்ற கோடு தெருவில் ஏதாவது ஒரு சுவரில், கோயில் மதிலில், டிரான்ஸ்ஃபார்மர் தூணில் இருக்கும். இல்லையென்றால் அந்தத் தெருவில் இருந்தவர் கை வைத்துக் காட்டுவார். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை அந்தக் கோட்டில் பிடித்து, மறுமுனையை உங்கள் வாசல் நிலையில் பிடித்தால் அதே மட்டம் அங்கே வந்துவிடும். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதில்தான் பலர் தவறுகிறார்கள். தூரம் அதிகமென்றால் நில அளவை சர்வேயரை அழைத்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை.

அந்தக் கோட்டை வீட்டின் உள்சுவரில் பெயின்ட்டால் போட்டு வையுங்கள். அழகு கெடும் என்று மாமியார் கோபித்தாலும் பரவாயில்லை. அதற்கு ஓரடி மேலே இன்னொரு கோடு. இந்த இரண்டாவது கோட்டுக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி, பத்திரங்கள், அரிசி மூட்டை, மின் இணைப்புப் பலகை எதுவும் இருக்கக் கூடாது. ஓரடி கூட்டுவதற்குக் காரணம் உண்டு: பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்த தெருக்களில், அதே மழைக்கு வீட்டுக்குள் முன்பைவிட அதிகம் தண்ணீர் வரும். இப்போது சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தெருவில் போடும்போது நின்று பாருங்கள்.

வேளச்சேரிக்குத் தனியாக ஒன்று. முடிச்சூரில் வருவது ஓடும் தண்ணீர். சில மணி நேரத்தில் ஏறும், ஆற்றில் வெள்ளம் தணிந்தால் இறங்கத் தொடங்கும். உங்கள் பக்கம் தேங்கும் தண்ணீர். சுற்றியுள்ள ஏரிகளின் உபரியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலை அடைய வேண்டும். கடல் ஏற்றமாக இருந்தால் அங்கே தண்ணீர் வடியாது. மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் தெருவில் தண்ணீர் நிற்பது அதனால்தான். முடிச்சூர்க்காரர் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் மாடியில் நான்கு நாள் தாக்குப்பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும்: ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர், சிறு கேஸ் அடுப்பு, மாத்திரைகள், குழந்தை இருந்தால் நாப்கின்.

கேள்வி: ஓ.எம்.ஆர். பக்கம் மனை பார்க்கிறோம். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?
(வாசகர், ஓசூர்)

பதில்: பட்டா சரியாக இருப்பது நிலம் யாருடையது என்பதற்குத்தான் சாட்சி. தண்ணீருக்கு மூன்று காகிதங்கள் பாருங்கள். முதலாவது 'அ' பதிவேடு, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு. உங்கள் சர்வே எண்ணோடு நிற்காமல், சுற்றியுள்ள எண்களையும் எடுங்கள். பக்கத்து எண்ணில் ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு நிலம்) என்று எழுதியிருந்தால், அந்த வாய்க்கால் இன்று நேரில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். காகிதத்தில் இருந்து தரையில் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் போகப்போகும் வழி உங்கள் மனையாக இருக்கலாம். இரண்டாவது, புலப்படம், அதாவது சர்வே எண்ணின் அளவுகளோடு வரைந்த படம்; வாய்க்காலின் அகலம் அதில் இருக்கும்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. தாழ்வான பகுதிகளில் மனைப்பிரிவு போடும்போது நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்குவார்கள். தண்ணீர் தேங்காமலிருக்க மனையை எந்த மட்டம் வரை மண் நிரப்பி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். விற்பவர் அந்தச் சான்றின் முதல் பக்கத்தைக் காட்டுவார். நிபந்தனைகள் உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்கி, அந்த மட்டத்துக்கு நிரப்பியிருக்கிறார்களா என்று உங்கள் பொறியாளரை வைத்து அளந்து பாருங்கள். வாயில் அருகே மட்டும் நிரப்பிவிட்டு, பின்வரிசை மனைகளை அப்படியே விட்டிருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வெள்ளம் வந்தது அப்படிப்பட்ட குறையா என்று பின்னால் நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட, "2015, 2023 ஆண்டுகளில் இம்மனையில் வெள்ளம் புகவில்லை" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். முன்பணம் கொடுக்கும் முன், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய் நின்று பாருங்கள். மார்ச் மாதத்தில் எல்லா மனையும் மேட்டு நிலம்தான்.

கேள்வி: மழை வந்தால் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாகச் சாக்கடை வந்துவிடுகிறது. மணல் மூட்டை அடுக்கிப் பிரயோஜனமே இல்லை.
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: தெருச் சாக்கடையில் தண்ணீர் நிரம்பி, அதன் மட்டம் உங்கள் கழிவறைத் தரையைவிட உயரும்போது பின்னோக்கி வருகிறது. காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசி சேம்பரில் ஒருவழி வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். வெளியே போக மட்டும் திறக்கும் மூடி அதற்குள் இருக்கும். முடி, துணி, எண்ணெய்ப் பிசுக்கு சிக்கினால் மூடி பாதியில் நின்றுவிடும். வால்வு இருந்தும் சாக்கடை வந்தது என்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான். செப்டம்பரில் ஒரு முறை திறந்து கழுவுங்கள். இன்னொரு விஷயம்: வால்வு மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் ஊற்றினால் அது தரைத்தளக் கழிவறையில் பொங்கும். மழை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மாடிக்காரர்களும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

வால்வு போடும்வரை, தடித்த பாலித்தீன் பையில் மணலைத் தளர்வாக நிரப்பி, கழிவறைக் கோப்பைக்குள்ளும் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நகானி டிராப் மேலும் அழுத்தி வையுங்கள். இறுக நிரப்பிய பை கோப்பையின் வடிவத்துக்கு அமராது.

வாசலுக்கும் அதே விதிதான். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்புங்கள், செங்கல் மாதிரி மூட்டு மாற்றி அடுக்குங்கள், தண்ணீர் வரும் பக்கம் பாலித்தீன் ஷீட்டை விரித்து அடியில் சொருகுங்கள். ஷீட் இல்லாத மணல் மூட்டை வேகத்தைக் குறைக்கும், தண்ணீரை நிறுத்தாது. வெளியே இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது உள்ளே மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வெளி அழுத்தம் தாங்காமல் சுவர் விரிசல் விடும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் சாய்ந்தே விடலாம். அந்த நிலையில் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு மாடிக்குப் போவதுதான் வீட்டுக்கும் நல்லது.

நிலத்தடித் தொட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: அசுத்தமாகிவிடும் என்று பயந்து மழைக்கு முன் காலி செய்யாதீர்கள். 6,000 லிட்டர் தொட்டி காலியாக இருந்து, சுற்றிலும் நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கு ஏறினால் அதை 6 டன்னுக்குக் குறையாத விசை மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டியும் மெல்லிய சுவர்த் தொட்டியும் கிளம்பும், அல்லது அடித்தளம் பிளக்கும். நிரப்பி, மூடியைச் சுற்றி சிமென்ட் பூசி வையுங்கள்.

கேள்வி: ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி உயர்த்துகிறார்களே, நம்பலாமா?
(வாசகர், கிழக்குத் தாம்பரம்)

பதில்: வீட்டைப் பொறுத்தது. செங்கல் சுவர்களே எடையைத் தாங்கும் பழைய வீடு, ஒரு மாடி, சுவர்களுக்கு அடியில் முழுச் சுற்றும் அடிமட்ட பெல்ட் கான்கிரீட் இருக்கிறது என்றால் செய்யலாம். சுவருக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, இரும்புச் சேனல் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவு திருப்புவார்கள். ஒரு பக்கம் சற்றே முந்தினாலும் ஜன்னல் மூலைகளில் விரிசல் விழும். தூண்கள் மேல் நிற்கும் வீடு என்றால் தூண்களை வெட்டி இணைக்க வேண்டியிருக்கும். அனுபவம் வாய்ந்த கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இல்லாமல் அதைத் தொட விடாதீர்கள். வேலை முடியும்வரை வீட்டில் யாரும் தங்கக் கூடாது. சதுர அடிக் கணக்கில் சொல்லும் தொகையில் தரை, படிக்கட்டு, குழாய் இணைப்பு, கழிவுநீர் மட்டம், மின் இணைப்பு வராது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

கேள்வி: வீட்டுக் கடனோடு வங்கியே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறது. அது போதாதா?
(வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல நேரங்களில் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு; வீட்டுக்கு ஒரு பைசா வராது. வீட்டுக்கென்றே இருந்தாலும் கடன் தொகை அளவுக்கு மட்டும் எடுத்திருக்கலாம்.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே வடிவ வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும். வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். மனையின் விலைக்கு இதில் வேலையில்லை. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. கார்ப்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 900 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் சாமான் அதைவிட மதிப்புள்ளது என்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் கட்டடக் கணக்கிலேயே வரும். நாள்பட்ட ஓதம், கசிவு வராது.

இழப்பீடு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பாலிசி இல்லை, அவசரம். தண்ணீர் வடிந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் தெருவில் வீசிவிட்டுக் கழுவித் துடைத்துவிடுவோம். இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும், இழப்புக்குச் சாட்சி இருக்காது. முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். சுவரில் தண்ணீர்க்கோடு தெரிய, ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் பின்னாலுள்ள சீரியல் எண் ஒட்டுச்சீட்டையும் படமெடுங்கள். மெத்தை போன்று அழுகுபவற்றைப் படமெடுத்த பிறகு வீசலாம். மின்சாதனங்களைச் சர்வேயர் பார்க்கும்வரை மாடியில் வையுங்கள். உரிமைக்கோரல் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு: லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார், மின் பலகை எல்லாம் பொதுச்சொத்து. உங்கள் பாலிசி அதைத் தொடாது. சங்கம் தன் பெயரில் எடுக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று லிஃப்ட்டை மேல்தளத்தில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிப்பது யார் என்று சங்கத்தில் பெயர் போட்டு எழுதி வையுங்கள். யாரும் பொறுப்பில்லாத கட்டடத்தில்தான் லிஃப்ட் தானாகக் கீழிறங்கித் தண்ணீருக்குள் நிற்கும்.

கேள்வி: கார் தண்ணீரில் மூழ்கினால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
(வாசகர், மணப்பாக்கம்)

பதில்: முழுமைப் பாலிசி இருந்தால் கிடைக்கும், ஒரு செயலைச் செய்யாதவரை: தண்ணீர் ஏறிய காரின் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளையும். அது ஓட்டியவரின் செயலால் வந்த சேதம் என்று மறுத்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருந்தால்தான் அதற்கு வழி. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டோ செய்து எடுத்துப் போங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியதைப் பலரும் கேலி செய்தார்கள். எங்கள் பார்வையில் அது புத்திசாலித்தனம்; ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு நிறுத்தினால் போதும்.

கேள்வி: அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் வெளியேற வேண்டும்? "இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்தாச்சு" என்கிறார் அப்பா.
(வாசகி, கோவை, பெற்றோர் சைதாப்பேட்டையில்)

பதில்: உங்கள் பெற்றோருக்குச் செம்பரம்பாக்கம் முக்கியம். ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டத்தோடு நிற்காமல் வரத்தையும் பாருங்கள். 22 அடிக்கு மேல் இருக்கும்போது வரத்து வேகமாகக் கூடினால் திறப்பும் கூடப்போகிறது என்று பொருள். 2015 டிசம்பர் 1 அன்று திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அதோடு தாம்பரம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துதான் சைதாப்பேட்டைக்கு வந்தது.

அப்பாவிடம் மழைநாளில் வாதாடாதீர்கள், தோற்பீர்கள். இப்போதே ஒரு நிபந்தனையை ஒப்புக்கொள்ள வையுங்கள்: 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்று சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, ஏரியில் திறப்பைக் கூட்டப்போவதாக அறிவிப்பு வந்தாலோ, பகல் வெளிச்சத்திலேயே கிளம்புவது. எங்கே போவது, யார் வண்டி என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே வயதானவர் கால் நிற்காது, ஓரடியில் சிறிய கார் மிதக்கும். தெருவில் தண்ணீர் வந்த பிறகு கிளம்பலாம் என்பது திட்டமே இல்லை. பையில் 15 நாள் மாத்திரை, மருந்துச்சீட்டின் நகல், இன்சுலின் என்றால் பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி, பல்செட். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநகராட்சி 1913. இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

கிளம்பும்போது மெயினை அணைப்பார்கள், இன்வெர்ட்டரை மறப்பார்கள். தெருவில் மின்சாரம் நின்ற பிறகும் இன்வெர்ட்டர் கீழ்த்தளப் பிளக்குகளுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் நிற்கும் அறையில் கால் வைப்பவருக்கு அது எமன். இரண்டையும் அணைக்க வேண்டும்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். வெள்ளத்துக்கு நாங்கள் என்ன பொறுப்பு எடுக்க முடியும்?
(வாசகர், ஜாபர்கான்பேட்டை)

பதில்: கட்டடம் உரிமையாளருடையது, சாமான் உங்களுடையது. மேலே சொன்ன பாலிசியைச் சாமான்களுக்கு மட்டும் வாடகைதாரரும் எடுக்கலாம். வீடு வெள்ளத்தால் நிரந்தரமாக வாழத் தகுதியற்றுப் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவு வாடகைதாரருக்குத் தருகிறது. பத்து நாள் தண்ணீர் நின்றது அதில் சேராது. முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் வடிந்த பிறகு நிலத்தடித் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?
(வாசகி, வரதராஜபுரம்)

பதில்: சுற்றியுள்ள நிலத்தடி நீர் இறங்கும்வரை இரண்டு மூன்று நாள் பொறுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். பிறகு இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவிய தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நச்சு வாயு கிளம்பும், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். 6,000 லிட்டர் தொட்டிக்கு 900 கிராம். அப்படியே கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். புதுப் பொட்டலமாக இருக்கட்டும். திறந்து வைத்த பவுடரில் குளோரின் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். இந்த நீரை மேல்நிலைத் தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். இதைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு முழுவதும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்பி, அடுத்த சில வாரங்களுக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க மட்டும் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை இப்படிச் செய்தும் சாக்கடை வாடை திரும்ப வந்தால், தொட்டியில் எங்கோ விரிசல் இருக்கிறது. கொத்தனாரை அழைத்து, முதலில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்த பக்கச் சுவரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.